புது ஹீட்டர் பிளக் போட்டும் விடியற்காலையில் வேன் கிளம்பவில்லை என்றால்

நாகப்பட்டினத்தில் மீன் ஏற்றி மன்னார்குடிக்குக் கொண்டுபோகிற ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடையது 702 சிசி, இரண்டு சிலிண்டர் டீசல் மினி வேன். ஐப்பசி மழைக்குப் பிறகு விடியற்காலை மூன்று மணிக்கு வண்டி லேசில் கிளம்புவதில்லை. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது. சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறது. ஆறேழு தடவை அடித்த பிறகு நொண்டி நொண்டி ஓடி, ஒரு நிமிஷத்தில் சரியாகிவிடுகிறது. பகல் முழுக்க ஒரு தொந்தரவும் இல்லை. கிளம்பும்போது இன்ஜினுக்குள் சூடு கொடுக்கும் ஹீட்டர் பிளக் (குளோ பிளக்) போய்விட்டது என்று ஒரு மெக்கானிக் இரண்டையும் மாற்றினார். மாற்றியும் அதே கதை. இப்போது இன்னொருவர் டீசலைத் தெளிக்கும் நாசில், அதற்கு டீசலைத் தள்ளும் பம்ப் இரண்டையும் கழற்றி சர்வீஸ் பண்ண வேண்டும் என்கிறார். செய்யலாமா?

தம்பி, இப்போதைக்கு பம்ப்பில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறது என்றால் பேட்டரி பரவாயில்லை. வெள்ளைப் புகை வருகிறது என்றால் டீசல் உள்ளே போகிறது. எரியாமல் ஆவியாக வெளியே வருகிறது. சுற்றும்போது புகையே வராவிட்டால்தான் டீசல் வரவில்லை, ஏர் பிடித்திருக்கிறது, ஃபில்டர் அடைத்திருக்கிறது என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். சூடான பிறகு புகையும் நொண்டலும் நின்றுவிடுகின்றன. நாசில் சொட்டினாலோ டைமிங் தப்பியிருந்தாலோ சூட்டிலும் ஏதாவது ஒரு அடையாளம் காட்டும். ஆக, டீசல் வருகிறது, காற்று வருகிறது, சூடு மட்டும் போதவில்லை. சூட்டைக் கொடுக்கும் வேலை ஹீட்டர் பிளக்குடையது. ஆனால் பிளக் தானாகச் சூடாவதில்லை. பேட்டரியிலிருந்து கரண்ட் ஐந்தாறு மூட்டுகளைத் தாண்டி வந்தால்தான் சூடாகும். உங்கள் வண்டியில் அந்த மூட்டுகளை யாரும் அளந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

நம் ஊர்க் குளிருக்கு ஹீட்டர் தேவையா என்று நிறையப் பேர் கேட்பார்கள். மார்கழியில்கூட டெல்டாவில் விடியற்காலை 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். விடை இன்ஜினைப் பொறுத்தது. டீசலை நேராக பிஸ்டன் தலையில் அடிக்கிற டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜின், அதாவது இன்றைய காமன் ரெயில் வண்டிகள் எல்லாம், 20 டிகிரியில் ஹீட்டர் இல்லாமலே பெரும்பாலும் கிளம்பிவிடும். அந்த வண்டிக்காரர் நம் ஊரில் காலையில் கிளம்பவில்லை என்று வந்தால் நான் ஹீட்டரைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். உங்களுடையது ஐடிஐ, அதாவது இன்டைரக்ட் இன்ஜெக்‌ஷன். ஹெட்டுக்குள் ஒரு சின்ன அறை இருக்கும். டீசல் அங்கேதான் அடிக்கப்படுகிறது, அங்கே பற்றிக்கொண்டு பிஸ்டனுக்கு வருகிறது. அமுக்கப்பட்ட காற்று குறுகிய தொண்டை வழியாக அந்த அறைக்குள் நுழையும்போதே தன் சூட்டில் ஒரு பங்கைக் குளிர்ந்த இரும்பிடம் இழந்துவிடும். அதனால்தான் இந்த இன்ஜின்களுக்கு 20க்கு மேல் கம்ப்ரஷன் விகிதம் வைத்தும் ஹீட்டர் வேண்டியிருக்கிறது. டாடா ஏஸ், மேஜிக் வண்டிகளில் வந்த 702 சிசி இன்ஜின் இந்த வகை. பழைய டெம்போ டிராவலரில் இருந்த, மெர்சிடிஸ் வழி வந்த ஓஎம் 616 இன்ஜினும் இதே வகைதான். இவற்றுக்குச் சித்திரை மாதத்து விடியலிலும் ஹீட்டர் வேண்டும்.

இரண்டு சிலிண்டர் வண்டியில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். நாலு சிலிண்டரில் ஒரு பிளக் போனால் மற்ற மூன்றும் இழுத்துக்கொண்டு போய்விடும், வருஷக்கணக்கில் தெரியாது. இரண்டில் ஒன்று சூடாகாவிட்டால் வண்டி ஒற்றை சிலிண்டரில் கிளம்பி, மற்றது சூடேறும் வரை நொண்டும். இரண்டுமே அரைகுறையாகச் சூடானால் நீங்கள் சொன்ன மாதிரி ஆறேழு தடவை அடிக்க வேண்டும்.

கருவி எதுவும் இல்லாமல், நாளைக்கு ஒன்று, மறுநாள் ஒன்று என்று காலையில் இரண்டு சோதனை செய்து பாருங்கள். முதல் நாள், சாவியை ஹீட்டர் நிலையில் வைத்து, டாஷ்போர்டில் உள்ள சுருள் படம் போட்ட ஹீட்டர் விளக்கு அணைந்ததும் செல்ஃப் அடிக்காமல் சாவியை அணைத்து, மறுபடி போடுங்கள். மூன்று தடவை இப்படிச் செய்த பிறகு அடியுங்கள். சட்டென்று கிளம்பினால் ஹீட்டர் வரிசையில் பலம் குறைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மறுநாள், ஃபில்டர் தலையில் கைப்பம்ப் இருந்தால், ஹீட்டரை வழக்கம்போல ஒரே தடவை போட்டு, அடிப்பதற்கு முன் கைப்பம்பை இறுகும் வரை அமுக்குங்கள். அதில் உடனே கிளம்பினால் குற்றம் ஹீட்டரில் இல்லை; ராத்திரியில் டீசல் டேங்குக்கு இறங்கிப் போகிறது, எங்கோ ஒரு ஹோஸிலோ வாஷரிலோ காற்று நுழைகிறது. இரண்டையும் ஒரே நாளில் செய்யாதீர்கள், எதனால் கிளம்பியது என்று தெரியாமல் போய்விடும்.

டாஷ்போர்டில் இருக்கும் அந்தச் சுருள் விளக்கை நம்ப வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான பழைய வண்டிகளில் அது டைமர் சொல்லும் நேரத்துக்கு எரிந்து அணையும், அவ்வளவுதான். பிளக் சிவந்ததா என்று அதற்குத் தெரியாது. இரண்டு பிளக்கையும் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டுச் சாவி போட்டாலும் அதே போல எரிந்து அணையும்.

இனி மல்டிமீட்டர் வேண்டும். எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மீட்டரே போதும்.

முதலில் பிளக். இரண்டு பிளக்கின் தலையையும் இணைக்கும் பட்டையைக் கழற்றிவிட்டு, பிளக் தலைக்கும் இன்ஜின் உடம்புக்கும் இடையே ஓம் பாருங்கள். நல்ல 12 வோல்ட் பிளக் குளிர்ந்த நிலையில் சுமார் அரை ஓமிலிருந்து ஒன்றரை ஓம் வரை காட்டும். முனைகள் எதையும் தொடாதபோது இருப்பது போலவே மீட்டர் திரை மாறாமல் இருந்தால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. மலிவான மீட்டரின் வயர்களுக்கே கால் ஓம், அரை ஓம் இருக்கும். அதனால் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்து, வரும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் 1.8 என்று பார்த்து நல்ல பிளக்கைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. எண்ணை விட முக்கியம், இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும் என்பது.

உங்கள் பிளக் புதிது. அதனால் இதில் பெரும்பாலும் தேறிவிடும். தேறினால் அடுத்ததுதான் இந்தப் பதிலின் முக்கியமான இடம், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

வழக்கமாக என்ன செய்வார்கள்? டெஸ்ட் லாம்ப்பைப் பட்டையில் தொட்டு, சாவியைப் போடச் சொல்வார்கள். பல்பு பளிச்சென்று எரியும். “கரண்ட் வருது, பிளக்தான் போச்சு” என்பார்கள். இங்கேதான் தப்பு நடக்கிறது. ஐந்து வாட் பல்பு அரை ஆம்பியர்கூட இழுக்காது. ஆனால் ஒரு பிளக் மட்டும் 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், இரண்டும் சேர்ந்தால் 20க்கு மேல். வழியில் ஏதோ ஒரு மூட்டு பச்சை பூத்து, அங்கே கால் ஓம் தடை மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பல்புக்கு அதனால் குறைவது பத்தில் ஒரு வோல்ட், கண்ணுக்கே தெரியாது. ஆளுக்கு ஒரு ஓம் உள்ள இரண்டு பிளக்கும் சேர்ந்து இழுக்கும்போது அதே மூட்டு 4 வோல்ட்டைத் தின்றுவிடும். 12 போக வேண்டிய இடத்தில் 8 வோல்ட்தான் போகும். சூடு வோல்ட்டின் வர்க்கத்தோடு போவதால், மூன்றில் இரண்டு பங்கு வோல்ட்டுக்கு ஒன்பதில் நாலு பங்கு சூடுதான் வரும். சிவந்து 850 டிகிரியைத் தாண்ட வேண்டிய முனை அதில் பாதி வழியிலேயே நின்றுவிடும். பிளக் புதிது, பல்பு எரிகிறது, வண்டி மட்டும் கிளம்பாது.

ஆகவே எல்லாவற்றையும் மாட்டிய நிலையில், பிளக் இழுத்துக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். சிவப்பு முனையைப் பேட்டரியின் பிளஸ் கம்பத்தில் அழுத்தி வையுங்கள். கிளாம்ப்பில் இல்லை, ஈயக் கம்பத்திலேயே. கறுப்பு முனையைப் பிளக் தலையில் வையுங்கள். ஒருவரைச் சாவி போடச் சொல்லுங்கள். மீட்டர் காட்டுவது வழியில் தொலைந்த வோல்ட். அரை வோல்ட் என்றால் பரவாயில்லை. ஒன்றுக்கு மேல் போனால் தேட வேண்டும். இரண்டு, மூன்று என்று வந்தால் திருடன் வழியில்தான் இருக்கிறான். இப்போது சிவப்பை அங்கேயே வைத்துக்கொண்டு கறுப்பைப் பின்னோக்கி நகர்த்துங்கள். பட்டை, ரிலேயின் (சாவி போட்டதும் பிளக்குக்குக் கரண்டைத் திறந்துவிடும் காந்த ஸ்விட்ச்) பிளக் பக்கத்து வெளி முனை, ரிலேயின் பேட்டரி பக்கத்து உள் முனை, ஃபியூஸின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம். எண் எந்த இடத்தில் தடாலென்று இறங்குகிறதோ, அந்த இடத்துக்கும் அதற்கு முன் பார்த்த இடத்துக்கும் நடுவில்தான் கோளாறு. ஒவ்வொரு தடவையும் பத்து விநாடிக்கு மேல் சாவியைப் போட்டு வைக்காதீர்கள். டைமர் நிறுத்திவிட்டால் அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

எர்த்தை மறந்துவிடாதீர்கள். ஒரு முனை பேட்டரி மைனஸ் கம்பத்தில், ஒரு முனை இன்ஜின் உடம்பில் சுத்தமான இரும்பில். ஹீட்டர் எரியும்போது கால் வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டையைக் கழற்றித் தேய்க்க வேண்டும்.

உங்களைப் போலவே மீன் வண்டி ஓட்டுகிற ஒருவர் போன மார்கழியில் என் பட்டறைக்கு வந்தார். அவரும் பிளக் மாற்றிவிட்டுத்தான் வந்தார். சீட்டைத் தூக்கிப் பார்த்தேன், பிளக்குகள் பளபளவென்று இருந்தன, பட்டையும் மேலே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அளந்தால் 3.2 வோல்ட் காணோம். பிளக் நட்டைக் கழற்றிப் பட்டையைத் திருப்பினேன். நட்டுக்கு அடியில், ரூபாய்க் காசு அளவுக்கு, பச்சையாக மாவு பூத்திருந்தது. ஃபியூஸ் மூட்டிலும் அதே. ஐஸ் பெட்டி உருகிய உப்புத்தண்ணீர் வண்டி முழுக்கச் சொட்டுகிறது, ராத்திரி கடல் காற்று வேறு. உப்பு இரண்டு உலோகங்களுக்கு நடுவில்தான் முதலில் உட்காரும். மேலே பார்த்தால் தெரியாது. உப்புத்தாள் போட்டுச் செம்பு தெரியும் வரை தேய்த்து, நட்டு, வாஷர் புதிதாகப் போட்டு, மூட்டு இறுகிய பிறகு மேலே கொஞ்சம் வாசலின் தடவினேன். அரை வோல்ட்டுக்கு வந்தது. மறுநாள் விடியற்காலை முதல் அடியிலேயே கிளம்பிவிட்டதாகப் போன் செய்தார். உங்கள் வண்டியிலும் இதுதான் என்று அளக்காமல் சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் திருப்பிப் பார்க்க வேண்டிய இடம் அந்த நட்டின் அடிதான்.

அறுவடை முடிந்த தை, மாசியில் இன்னொன்று பார்க்க வேண்டும். களத்துப் பக்கம், வைக்கோல் போர் ஓரம் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு எலித் தொல்லை உண்டு. ஹீட்டர் வயர் தடிமனாக இருப்பதால் முழுக்க அறுபடாது. பாதி இழைகள் போய், மிச்சம் நாலைந்து இழையில் தொங்கும். அதிலும் டெஸ்ட் லாம்ப் ஜோராக எரியும்.

ரிலேயில் சத்தம் கேட்டால் போதும் என்று விட்டுவிடக் கூடாது. ‘டிக்’ என்று கேட்பது உள்ளே காந்தம் இழுக்கிற சத்தம். தொடு முனைகள் கருகியிருந்தாலும் அந்தச் சத்தம் வரும். அதன் உள் முனைக்கும் வெளி முனைக்கும் இடையே, எரியும்போது, அளவு பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஹீட்டர் ரிலே 60, 70 ஆம்பியர் தாங்கும் பெரிய ரிலே. கைக்குக் கிடைத்ததென்று ஹார்ன் ரிலேயை அங்கே மாட்டுகிறார்கள். 30 ஆம்பியர் ரிலே இரண்டு சிலிண்டருக்குக் கொஞ்ச நாள் தாங்கும், பிறகு முனைகள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் வண்டி ஓடும்போதும் பிளக் எரிந்துகொண்டே இருக்கும். புதுப் பிளக் மூன்று மாதத்தில் போகிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். சாவியை அணைத்து ஐந்து நிமிஷம் கழித்துப் பட்டையில் வோல்ட் பாருங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும்.

டைமர் போய்விட்டால் நம் பக்கத்தில் தனி ஸ்விட்ச் போட்டு விடுவது பழக்கம். ரிலே வழியாகப் போட்டால் எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. ஆனால் கை எடுத்ததும் தானாகத் திரும்புகிற அமுக்கு ஸ்விட்ச்தான் போட வேண்டும். மேலே கீழே தள்ளுகிற ஸ்விட்ச் போட்டால் ஒரு நாள் அணைக்க மறந்துவிடுவீர்கள். அமுக்கி, எட்டு வரை நிதானமாக எண்ணி, விட்டுவிட்டுச் செல்ஃப் அடியுங்கள்.

சரி, ஓம் அளந்ததில் பிளக்கே போய்விட்டது என்று தெரிந்தால்? மாற்றுவது பத்து நிமிஷ வேலை, ஆனால் பொறுமையில்லாமல் செய்தால் ஹெட் இறக்க வேண்டிய வேலையாகிவிடும். முதல் நாள் சாயந்திரமே பிளக்கின் அடியைச் சுற்றிக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். இல்லாவிட்டால் கழற்றும்போது மண் உள்ளே விழும். பிறகு துரு இளக்கும் எண்ணெயை நாலு சொட்டு விட்டு ராத்திரி முழுக்க ஊற விடுங்கள். மறுநாள் இன்ஜினைச் சூடாக்கி, வெதுவெதுப்பாக இருக்கும்போது, பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, நீள பாக்ஸ் ஸ்பேனரால் திருகுங்கள். ஸ்பேனரில் பைப் மாட்டி இழுக்கவே கூடாது. 10 மில்லி மரை உள்ள பிளக் 35 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்கினால் முறிந்துவிடக்கூடும், 12 மில்லிக்கு 45. கால் சுற்று கழன்று இறுகினால் மறுபடி கொஞ்சம் உள்ளே திருப்பி, எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டி எடுங்கள். ‘கிரீச்’ என்று சத்தம் வந்தால் நிறுத்துங்கள், எண்ணெய் ஊறட்டும். அவசரமில்லை.

வெளியே வந்த பிளக்கின் முனையைக் கையில் வைத்துப் பாருங்கள். கரி மட்டும் படிந்திருந்தால் வயதாகிப் போனது. முனை வீங்கியிருந்தால் அளவுக்கு மேல் நேரமோ வோல்ட்டோ போயிருக்கிறது. ரிலேயையும் ஆல்டர்னேட்டர் சார்ஜையும் பாருங்கள். முனை கருகி, அரித்து, ஓட்டை விழுந்திருந்தால் அந்த சிலிண்டரின் நாசில் ஒழுங்காகத் தெளிக்கவில்லை. அப்போதுதான் நாசிலைக் கழற்ற வேண்டும், அதுவும் அந்த ஒன்றை மட்டும். முனையே முறிந்து காணாமல் போயிருந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். அந்தத் துண்டு உள்ளேதான் இருக்கிறது.

புதுப் பிளக் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய் நீளம், மரை, முனை மூன்றையும் ஒட்டிப் பாருங்கள். உடம்பில் எத்தனை வோல்ட் என்று பொறித்திருப்பார்கள். 11 அல்லது 12 இருந்தால் பேட்டரியில் நேராகக் கொடுத்துச் சோதிக்கலாம். வைஸில் இறுக்கிப் பிடித்து, வயர் கொடுத்து, பத்து விநாடிக்குள் முனையிலிருந்து சிவந்து மேலே ஏற வேண்டும். நடுவில் முதலில் சிவந்தால் அது உதவாது. கையில் பிடித்துக்கொண்டு செய்யாதீர்கள். புது காமன் ரெயில் வண்டிகளில் வரும் 4.4, 5, 7 வோல்ட் பிளக்குகளையும் செராமிக் பிளக்குகளையும் 12 வோல்ட்டில் தொட்டாலே போய்விடும். அவற்றை ஸ்கேனர் போட்டுத்தான் பார்க்க வேண்டும். பி0671 என்று பிழைக் குறியீடு வந்தால் முதல் சிலிண்டர் பிளக் லைன், பி0672 என்றால் இரண்டாவது.

மாட்டும்போது மரை முழுவதையும் விரலாலேயே ஓட்டுங்கள். கடைசியில் 10 மில்லி மரைக்கு 15 நியூட்டன் மீட்டர், 12 மில்லிக்கு 22 போதும். மேல் நட்டுக்கு 2, 3தான். இரண்டு விரலால் ஸ்பேனரைப் பிடித்து இறுக்குகிற அளவு. அங்கே பலம் காட்டினால் தலைக் கம்பி உள்ளே திரும்பி, புதுப் பிளக் மாட்டிய அன்றே அறுந்துவிடும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கிளம்பவில்லை என்ற அவசரத்தில் காற்று இழுக்கும் வாயில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்காதீர்கள், பெட்ரோல் நனைத்த துணி காட்டாதீர்கள். டிராக்டருக்குச் செய்கிறார்களே என்று பார்த்துச் செய்கிறார்கள். உள்ளே ஹீட்டர் சிவந்திருக்கும்போது ஈதர் போனால் பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே வெடிக்கும். பிஸ்டன் உடையும், கனெக்டிங் ராடு வளையும். உங்கள் முகமும் அந்த வாய்க்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

ஓமும் சரி, வோல்ட் இழப்பும் அரை வோல்ட்டுக்குள், எர்த்தும் சரி, கைப்பம்ப் சோதனையிலும் மாற்றமில்லை என்றால் அடுத்து கம்ப்ரஷன் பாருங்கள். ரிங் தேய்ந்த இன்ஜின் இதே அறிகுறியைத்தான் காட்டும், அப்போது எண்ணெயும் குறையும். பிறகு நாசில். பம்ப் கடைசி. முதலில் சொன்ன இரண்டு சோதனையும் முடிந்த பிறகு ஒரு விடியற்காலை, வண்டியை அடிப்பதற்கு முன்பு, இன்ஜின் ராத்திரிக் குளிரிலேயே இருக்கும்போது இரண்டு பிளக்கின் ஓமையும், பிளக் தலை வரை தொலையும் வோல்ட்டையும், எர்த்தில் தொலையும் வோல்ட்டையும் எழுதி அனுப்புங்கள். அந்த நாலு எண்ணைப் பார்த்துவிட்டு எதைக் கழற்றலாம் என்று சொல்கிறேன்.